குதிரைக்கு நல்ல குளிர்கால ரக் வாங்குவது எப்படி: அளவு, துணி, தையல்

பிரிட்டனில் அக்டோபர் பிறந்ததும் குதிரைச் சாமான் கடைகளில் ரக்குகள், அதாவது குதிரைக்குப் போர்த்தி வாரால் கட்டும் போர்வைகள், குவிந்துவிடும். ஒவ்வொன்றின் மீதும் உள்ளே அடைத்த பஞ்சின் அளவைச் சொல்லும் ஓர் எண் பெரிதாக அச்சாகியிருக்கும்: 50 கிராம், 100, 200, 300. பெரும்பாலானவர்கள் அந்த எண்ணில்தான் தொடங்குகிறார்கள். குளிர் கடுமையாக இருக்கும் என்று தோன்றினால் 300, இல்லாவிட்டால் 100 என்று மனக்கணக்குப் போட்டு, நிறமும் விலையும் பார்த்து எடுத்துப் போகிறார்கள். டிசம்பரில் பார்த்தால் தோளில் முடி உதிர்ந்து தோல் தெரியும். அல்லது முதுகுத் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். கிராமில் பிழை இருந்திருக்காது. ரக்கில் கிராம் கடைசியாகப் பார்க்கவேண்டிய விஷயம். அது குதிரையின் உடம்பில் எப்படி உட்காருகிறது, மழையை எவ்வளவு நாள் தடுக்கும் என்ற இரண்டும்தான் முதலில்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் குதிரைக்கு ரக் வேண்டுமா?

குதிரையின் உடம்பில் குளிரைச் சமாளிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. கோடையின் நடுவில் பகல் குறையத் தொடங்கியதுமே குளிர்கால முடி வளர ஆரம்பிக்கிறது. குளிர் உறைக்கும்போது அந்த முடி நிமிர்ந்து நின்று இடையில் காற்றைப் பிடித்துவைக்கிறது. கம்பளி செய்யும் அதே வேலை. குடலின் பின்பகுதியில் நார்த்தீனி நொதிக்கும்போது நாள் முழுக்கச் சூடு பிறக்கிறது. மிதமான தட்பவெப்பத்தில் பழகிய குதிரை, கூடுதல் சக்தியைச் செலவழிக்காமல் ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் வரை சமாளிக்கும். கனடாவின் குளிரில் பழகி, நன்றாகத் தின்று, முழு முடி வளர்த்த குதிரைகள் மைனஸ் 15 வரை தாங்குகின்றன. பிரிட்டனில் அவ்வளவு குளிர் அரிது. இங்கே குதிரையை வாட்டுவது 3, 4 டிகிரியில் காற்றோடு சேர்ந்து விடாமல் பெய்யும் மழை. நனைந்த முடி படிந்துபோகிறது, இடையிலிருந்த காற்று போய்விடுகிறது, சூடும் அதோடு போகிறது.

ஆகவே முழு முடியோடு, ஒதுங்கக் கொட்டகையோ அடர்ந்த வேலியோ உள்ள ஷெட்லண்ட், எக்ஸ்மூர், ஹைலண்ட் வகைப் போனிகளில் (மட்டக்குதிரைகளில்) பலவற்றுக்கு ரக் தேவையே இல்லை. முடி கத்தரித்த குதிரை, மெல்லிய முடியுள்ள தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனம், வயதானது, மெலிந்தது, ஒதுங்க இடமில்லாமல் நிற்பது ஆகியவற்றுக்கு வேண்டும். கொழுத்த குதிரைக்கு ரக் போடுவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல் என்றே சொல்வேன். குளிர்காலத்தில் குதிரை கொஞ்சம் இளைப்பது இயற்கை. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் சேமித்த கொழுப்பை எரிக்கிறது. அந்த வேலையை ரக் எடுத்துக்கொண்டால், ஏப்ரலில் புதுப்புல் முளைக்கும்போது அது இளைக்காத உடம்போடு மேயப் போகிறது. குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்க முடியாமல் செய்யும் லேமினைட்டிஸுக்கு அது நேர்வழி.

குதிரையிடமே கேட்க முடிந்தால்? நார்வேயில் கேட்டிருக்கிறார்கள். 2016இல் வெளியான ஆய்வு அது. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள்: ஒரு குறி 'ரக் போடு', ஒன்று 'கழற்று', இன்னொன்று 'இப்படியே இருக்கட்டும்'. இரண்டே வாரத்தில் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. நல்ல வெயிலில் ரக் வேண்டாம் என்றும், மழையும் காற்றுமான நாளில் வேண்டும் என்றும் மூக்கால் தொட்டுச் சொல்லின. மனிதர்கள் தமக்குக் குளிர்கிறது என்பதற்காகக் குதிரைக்கும் போர்த்துகிறார்கள்; குதிரையின் கணக்கு வேறு.

அளவு

ரக் வேண்டும் என்று முடிவானால் முதலில் எடுக்கவேண்டியது அளவு நாடா. சமதரையில் நாலு காலும் நேராக இருக்கும்படி குதிரையை நிறுத்துங்கள். மார்பின் நடுவில், கழுத்து வந்து சேரும் இடத்தில் நாடாவின் நுனியை ஒருவர் பிடிக்கவேண்டும். தோளின் மிகப் புடைத்த பகுதியைத் தொட்டபடி, தரைக்கு இணையாக, பின்தொடையின் கடைசி மேடு வரை மற்றவர் கொண்டுபோக வேண்டும். அடியிலும் அங்குலத்திலும் கிடைப்பது பிரிட்டிஷ் அளவு: 5 அடி 9, 6 அடி, 6 அடி 3 என்று மூன்று மூன்று அங்குலமாக ஏறும். அமெரிக்காவில் அதே நீளத்தை அங்குலத்தில் மட்டும் சொல்வார்கள். 6 அடி ரக் அங்கே 72. ஐரோப்பியக் கம்பெனிகள் முதுகை மட்டும் செ.மீ.இல் அளக்கின்றன, அவர்களின் 135 ஏறத்தாழ நம் 6 அடி. இணையத்தில் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

நாடா சொல்வது நீளம் மட்டும். ஒரே நீளமுள்ள இரண்டு குதிரைகளின் தோள்கள் வெவ்வேறாக இருக்கும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எலும்பு மேடு ஒன்று உண்டு, விதர்ஸ் என்பார்கள். தரோபிரெட்டுக்கு அது உயர்ந்து கூராக இருக்கும், மார்பு ஒடுங்கியிருக்கும். காப் என்ற கட்டையான, தடித்த உடம்புள்ள வகைக் குதிரைக்கு அது தெரியாத அளவுக்குத் தட்டையாக, மார்பு அண்டா மாதிரி அகன்றிருக்கும். எந்த உடம்பை மனதில் வைத்துக் கம்பெனி வெட்டியிருக்கிறது என்பதை விசாரித்து வாங்குங்கள். ஒரு கம்பெனியின் 6 அடி 3 பொருந்தியது என்பதற்காக இன்னொன்றின் 6 அடி 3 பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

போட்டுப் பார்க்கும்போது கழுத்து விளிம்பு விதர்ஸுக்கு நாலு விரல் முன்னால் விழவேண்டும். விதர்ஸின் மேலேயோ பின்னாலோ விழுந்தால் அந்த மேடு நாள் முழுக்க அழுத்தப்படும். தோல் புண்ணாகி ஆறிய இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். மார்பு வார்கள் இழுபடாமல், முன் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். தோளில் கால் அசைய இடம்விட்டுக் கூடுதல் துணி மடிப்பாகத் தைத்திருப்பார்கள். கஸெட் என்று பெயர். அந்த மடிப்பு திறக்கும் இடம் முழங்கைக்கு முன்னால் இருந்தால்தான் பயன். பின்பக்கம் முதுகுத்துணி வால் முளைக்கும் இடத்தில் முடியவேண்டும். பக்கவாட்டில் வயிற்றுக் கோட்டைத் தாண்டி இறங்கினால் போதும். முழங்கால் வரை தொங்கும் ரக், எழும்போது காலில் மிதிபடும்.

நின்ற நிலையில் எல்லா ரக்கும் அழகாகத்தான் இருக்கும். ஒரு கை புல்லைத் தரையில் போட்டுக் குதிரையைக் குனியவிடுங்கள். அப்போது கழுத்து விளிம்புக்குள் உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்க முடிகிறதா? முடியாவிட்டால் அந்த ரக் வேண்டாம். மேயும் குதிரை நாளில் பெரும்பகுதி தலையைக் குனிந்தே இருக்கிறது.

தோளில் இறுகுகிறது என்றால் பலரும் அடுத்த அளவுக்குப் போகிறார்கள். பெரிய ரக் தளர்ந்து பின்னால் வழுக்குகிறது. கழுத்து விளிம்பு விதர்ஸைத் தாண்டிப் போகிறது. ரக்கின் முழு எடையும் இரண்டு தோள் முனைகளில் தொங்குகிறது. இறுக்கம் முன்பைவிட மோசமாகிறது. மாற்றவேண்டியது வெட்டு. அகன்ற கழுத்துள்ள வேறு கம்பெனி ரக், அல்லது கழுத்து வரை உயர்ந்து, விளிம்பே விதர்ஸில் படாமல் போகும் வகை.

கடையிலிருந்து கொண்டுவந்ததும் குதிரையின் முதுகில் சுத்தமான பருத்தி விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் ரக்கைப் போட்டுப் பாருங்கள். முடியும் அழுக்கும் ஒட்டிய ரக்கை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

மேல்துணியும் தண்ணீரும்

வெளியில் மேயும்போது போடுவது டர்ன்அவுட் ரக், தண்ணீர் புகாதது. லாயத்துக்குள் போடும் ஸ்டேபிள் ரக் மழைக்கு ஆகாது. மேல்துணி தண்ணீரைத் தடுக்காததால் உள்ளே இருக்கும் பஞ்சு அதைக் குடித்துக் கனத்துவிடும். ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைக் கம்பளி ரக், வேர்வையை உறிஞ்சி வெளியேற்றக் குறுகிய நேரத்துக்குப் போடுவது. இங்கே பேசுவது டர்ன்அவுட் பற்றி.

துணியின் பலத்தை டீனியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே டீனியர். 600 டீனியர் பாலியெஸ்டர் மலிவான ரக்குகளில் வருவது. தனியாக, வேலி நல்லதாக உள்ள வயலில் நிற்கும் சாதுவான குதிரைக்கு அதுவே போதும். கூட்டமாக மேய்பவை ஒன்றையொன்று பல்லால் இழுத்து விளையாடும். முள்வேலி, கருமுள் புதர் இருக்கும். அங்கே 1,200 அல்லது 1,680 வேண்டும். எண் ஒன்றே முடிவு அல்ல. நெசவு நெருக்கமாக இல்லாத 1,200, நெருக்கமாக நெய்த 600ஐவிட முன்னால் கிழியும். ரிப்ஸ்டாப் நெசவில் சிறு சிறு கட்டங்களாகத் தடித்த நூல் ஓடும். கிழிசல் விழுந்தாலும் கட்டத்தைத் தாண்டிப் பரவாது. பாலியெஸ்டரைவிட நைலான் உராய்வைத் தாங்கும்.

தண்ணீரைத் தடுப்பது இரண்டு அடுக்கு வேலை. துணியின் உட்பக்கத்தில் பாலியூரித்தேன் பூச்சு. வெளிப்பக்கத்தில் தண்ணீரை உருட்டிவிடும் மெழுகு போன்ற பூச்சு. புது ரக்கில் மழைத்துளி தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டோடும். சேறும் தேய்ப்பும் பட்டு வெளிப்பூச்சு தேய்ந்ததும் துளி உருளாமல் பரவி, துணி கருத்து நனையும். அந்த நிலையிலும் உள்பூச்சு தண்ணீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் குதிரையின் உடம்பிலிருந்து வரும் ஆவி நனைந்த துணியைத் தாண்டி வெளியேற முடியாமல் உள்ளேயே தண்ணீராகிறது. இதைப் பார்த்து ரக் ஒழுகுகிறது என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்கள் ஏராளம். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. குதிரையின் மேல் படும் உள்துணியான லைனிங் முழுக்க ஒரே சீராக ஈரமாக, குதிரையும் சூடாக இருந்தால் அது வேர்வை அல்லது ஆவி. முதுகுத் தண்டின் நேரே, வார் தைத்த இடங்களில், விதர்ஸில் மட்டும் கோடாகவோ வட்டமாகவோ ஈரம் இருந்தால் அதுதான் ஒழுகல்.

இதனால்தான் லேபிளில் இரண்டு எண்களைத் தேடச் சொல்கிறேன். ஒன்று மில்லிமீட்டரில் இருக்கும்: 3,000 என்றால் 3 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வரை புகாது. இன்னொன்று ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவியை வெளியே விடும் என்பது. முதல் எண்ணைப் பெருமையாக அச்சிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விடும் ரக், மழைக்கோட்டு போட்டு ஓடுகிறவனின் நிலைமையைக் குதிரைக்குக் கொடுக்கும்.

பிறகு தையல். ரக்கை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். முதுகின் நடுவில் தலையிலிருந்து வால் வரை தையல் ஓடாத ரக் உத்தமம். மழை நேரே விழும் இடம் அது. தையல் இருந்தே ஆகவேண்டிய இடங்களில் மேலே நாடா ஒட்டி மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். வயிற்று வார் தைத்த இடங்களில் உள்ளே ஒட்டுத்துணி வேண்டும். முக்கியமாக, பஞ்சை மேல்துணியோடு சேர்த்துத் தைத்திருக்கக் கூடாது. நல்ல டர்ன்அவுட்டில் பஞ்சு லைனிங்கோடு மட்டும் தைக்கப்பட்டிருக்கும், மேல்துணி தனியாக மேலே கிடக்கும். மேல்துணியில் விழும் ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு வாசல்.

கான்வாஸ் ரக்குக்கு வேறு விதி. ஆஸ்திரேலியாவில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வாங்கியதும் நன்றாக நனைத்து, காயவைத்து, பிறகுதான் போடவேண்டும். நனைந்த நூல் உப்பித் தையல்துளையை அடைக்கும்.

லைனிங் வழுவழுப்பாக இருக்கட்டும், குறைந்தது தோள் பகுதியிலாவது. ஃபிளீஸ் லைனிங்கில் முடியும் வைக்கோலும் அப்பிக்கொள்ளும்.

இப்போது கிராம்

எண் குறிப்பது ஒரு சதுர மீட்டரில் அடைத்த பாலியெஸ்டர் பஞ்சின் எடையை. 0 கிராம் என்றால் வெறும் மழைத்தடுப்பு. 50, 100 லேசு; 200 நடுத்தரம்; 300க்கு மேல் கனம். பஞ்சின் தரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாலு குளிர்காலம் உழைத்த 300, பஞ்சு அமுங்கிப்போய் 200 அளவுக்குக்கூடச் சூடு தராமல் போகலாம்.

தொடங்குவதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். முடி கத்தரிக்காத, மெல்லிய முடியுள்ள குதிரைக்கு 5 முதல் 10 டிகிரியில் 0 அல்லது 50, பூஜ்யத்தை நெருங்கும்போது 100, சில நேரம் 200. முழுதாகக் கத்தரித்த குதிரைக்கு 10 டிகிரியில் 100, 5இல் 200, பூஜ்யத்துக்குக் கீழே 300. கழுத்தின் அடியையும் மார்பையும் மட்டும் கத்தரித்தது இரண்டுக்கும் நடுவில். காற்றும் மழையும் சேர்ந்தால் ஒரு படி ஏற்றலாம். தீனி நன்றாக எடுக்கும் குதிரைக்கு ஒரு படி இறக்கலாம்.

0 கிராமைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் சூடு தரும் பஞ்சு இல்லை. ஆனால் அதன் எடை முடியை அமுக்கும். காய்ந்த, காற்றில்லாத பனிக்குளிர் நாளில் முழு முடியுள்ள குதிரையின் மேல் 0 கிராம் ரக்கைப் போட்டால், அது நிமிர்த்தி வைத்திருந்த முடியைப் படியவைத்துவிட்டு பதிலுக்கு ஒன்றும் தராமல் போகும். மழைக்காக வாங்கியதை மழைக்கு மட்டும் போடுங்கள்.

போட்டது சரியா என்று காதைத் தொட்டுப் பார்க்காதீர்கள். காதும் காலும் குளிரில் சில்லென்றே இருக்கும். ரக்கின் உள்ளே, தோளுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் சரி. பிசுபிசுத்தால் அதிகம். முதுகை வளைத்து, வாலை ஒடுக்கி, நடுங்கி நின்றால் குறைவு. அப்போதும் தடித்த ரக்கைத் தேடும் முன் காய்ந்த புல்லைக் கொடுங்கள். 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு ஏறத்தாழ 10 கிலோ. ரக் வெளியிலிருந்து சூடு தருவதில்லை, உள்ளே பிறக்கும் சூட்டைக் காக்கிறது. அடுப்பில் விறகு இல்லாமல் மூடிபோட்டு என்ன பயன்?

எதை வாங்குவது என்றால், என் கணக்கு இது: பலமான துணியில் ஒரு 0 கிராம் மேல்ரக், அதற்குள் கொக்கியால் மாட்டிக் கழற்றும் பஞ்சடுக்குகளான 100, 200 கிராம் லைனர்கள், மாற்றுக்கு இன்னொரு மேல்ரக். இரண்டாவது மேல்ரக் ஆடம்பரம் அல்ல. ஊறிப்போன ரக் பிரிட்டிஷ் ஜனவரியில் காய்வதற்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். லைனரைத் துவைப்பதும் சுலபம். மேல்ரக்கும் லைனரும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கவேண்டும், கொக்கிகள் அப்போதுதான் பொருந்தும். பொருந்தாத லைனர் இரவில் பின்னால் வழுக்கி வால்பக்கம் தொங்கும். லைனருக்குள் லைனர் என்று மூன்றடுக்கு போடாதீர்கள். எடை முழுக்க விதர்ஸில் இறங்கும்.

வார்கள்

வயிற்றின் கீழே குறுக்காகப் போகும் இரண்டு வார்களுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கையின் அகலம் இருக்கட்டும். அதற்கு மேல் தளர்ந்தால் படுத்து எழும்போது பின்குளம்பு மாட்டும். கால் முறிந்த குதிரைகள் உண்டு. பின்கால் வார்களில் ஒன்றை மாட்டியபின் மற்றதை அதன் வளையத்துக்குள் விட்டு எடுத்து மாட்டவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் தொடையில் உரசாது. கொக்கிகளின் திறந்த வாய் குதிரையின் பக்கம் பார்க்கட்டும். வெளியே பார்த்தால் வேலிக்கம்பியில் சிக்கும்.

போடும்போது ரக்கைக் கொஞ்சம் முன்னாலே வைத்து, முடி படியும் திசையில் பின்னுக்கு இழுங்கள். முதலில் மார்பு, பிறகு வயிறு, கடைசியில் கால். கழற்றும்போது நேர்மாறு. பாதியில் குதிரை மிரண்டு ஓடினால், மார்பு வார் மாட்டிய ரக் கழுத்தோடு போகும். கால்வார் மட்டும் மாட்டிய ரக் பின்கால்களில் சுற்றிக்கொள்ளும்.

தினமும் ஒருமுறை முழுதாகக் கழற்றவேண்டும். ரக்கின் அடியில் குதிரை இளைப்பதும் கொழுப்பதும் கண்ணுக்குத் தெரியாது. விலா எலும்பைக் கையால் தடவித்தான் அறியமுடியும். ஒழுகும் ரக்கின் கீழ் நாள்கணக்கில் ஈரமாக இருந்த முதுகில் பொருக்குப் பொருக்காக முடி பெயரும் தோல்நோயும் அப்போதுதான் கையில் தட்டுப்படும்.

துவைப்பதில்தான் நல்ல ரக்குகள் பலவும் சாகின்றன. சேற்றை ஈரமாகத் தேய்க்காமல் காயவிட்டுத் துடைப்பத்தால் தட்டுங்கள். சாதாரணச் சலவைத்தூள் துணியில் தங்கி, உருண்டோட வேண்டிய தண்ணீரை உறிஞ்சவைக்கும். ரக்குக்கென்று விற்கும் திரவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், டிரையர் வேண்டவே வேண்டாம். சூட்டில் உள்பூச்சு விரிந்து உரியும். துவைத்ததும் வெளிப்பூச்சைப் புதுப்பிக்கும் திரவத்தைத் தெளித்து, காய்ந்தபின் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உருண்டால் முடிந்தது; பரவினால் அந்த இடத்தில் இன்னொரு முறை தெளிக்கவேண்டும். உத்தரவாத அட்டையையும் படித்துவிடுங்கள். தவறான முறையில் துவைத்ததற்காகப் பணம் திரும்பக் கிடைக்காமல் போவது சகஜம்.

இவற்றையெல்லாம் மே மாதத்திலேயே செய்து, நன்றாகக் காயவைத்து, எலி ஏறாத இடத்தில் வையுங்கள். அறுந்த வாரையும் வளைந்த கொக்கியையும் அப்போதே தைக்கக் கொடுத்தால் ஜூலைக்குள் கைக்கு வந்துவிடும். செப்டம்பர் கடைசியில் கொண்டுபோனால், ஊரில் இருக்கிற ரக்கெல்லாம் உங்களுக்கு முன்னால் வரிசையில் கிடக்கும்.